காற்று பாக்கி

மெரிபேங்கில் பிறந்தவள்
காற்றுக்குக் காசு கொடுக்கிறாள் என்றால் தெருவே சிரிக்கும்.
சுத்திகரிப்பு ஆலை இனாமாகத் தந்ததையே
ஐம்பது வருடம் உள்ளே இழுத்தவர்கள் நாங்கள்.
அதனால் வாசலைத் தாண்டும்போது
"கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்" என்று மட்டும் சொல்வேன்.
பொய்யில்லை.
மணிக்கு அறுநூற்றைம்பது ராண்ட்.

ப்ளஃப் மேட்டில், டயர் கடைக்கு மேல் மாடி.
பதினாறு படி.
எட்டாவதில் நின்று
கைபேசியில் ஏதோ அவசரம்போல் பார்ப்பேன்.

உள்ளே நீலப் பை ஒன்று படுத்திருக்கும்,
காற்றிறங்கிய படகுபோல.
நோம்ஃபுண்டோ செருப்பை வாங்கி வைப்பாள்.
வளையல், சாவி, கொண்டை ஊசி எல்லாம் தட்டில்.
காது அடைத்தால் எச்சில் விழுங்க ஒரு பெப்பர்மின்ட்.
பிறகு ஜிப்.
ஊருக்குப் போகிறவள் பெட்டியை
முழங்கால் வைத்து மூடுகிற அதே சத்தம்,
நான்தான் உள்ளே இருக்கும் துணி.

பை விம்மும்.
மூக்குக்கடியில் குழாய் சில்லென்று பேசும்.
பத்தடித் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல, என்றாள் முதல் நாள்.
டர்பனில் இத்தனை வயதாகியும்
நான் கடலில் முழங்கால் நனைத்தவளில்லை.

அவர்கள் தந்த தாளில் எல்லாம் தீரும்:
களைப்பு, மறதி, மூட்டுவலி, முகச்சுருக்கம்.
கல்யாணத் தடை மட்டும் எழுதவில்லை.
டாக்டர் மூட்லி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பலிக்கும் என்று கையெழுத்துப் போட மாட்டேன், மிஸஸ் படையாச்சி.
காசு உங்களுடையது."
மெடிக்கல் எய்டுக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
மூச்சுக் காட்டவில்லை.

இருபத்தொரு வருடம் நெட்பால் நடுவர் நான்.
என் ஒரு ஊதலுக்கு
பதினான்கு பெண்கள் காலை எடுத்த இடத்திலேயே நிற்பார்கள்.
அந்த ஜூலைக் காய்ச்சலுக்குப் பிறகு
விசில் வெறும் ஈரக்காற்றைத் துப்பியது.
மைதானத்தில் ஒரு சின்னவள்
"மிஸ், இப்போது ஃபவுலா இல்லையா?" என்று கேட்டாள்.
மறுநாள் போகவில்லை.

ஏழாவது தடவை,
முப்பத்தெட்டாவது நிமிடம்.
இயந்திரம் ஒரு விக்கல் விக்கியது. நின்றது.
லோட் ஷெடிங்.
அட்டவணையில் நான்கு மணி என்றிருந்தது;
அட்டவணையை யார் நம்பினார்கள்.

இருட்டு.
பை மெல்ல மெல்ல என் மேல் தளர்கிறது.
சதாசிவன் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றாலும்.
அண்ணனுக்கு வாடகைக்கு எடுத்த சிலிண்டரைத்
திருப்பிக் கொடுக்கப் போனபோது
முள் பாதியில் நின்றது.
மீதிக்கு என்ன கணக்கு என்று கேட்டேன்.
கடைக்காரன் என்னையே பார்த்தான்.

பிளாஸ்டிக் ஜன்னலில் கைபேசி வெளிச்சம், ஒரு முகம்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
ஜிப்பை உடனே திறக்கக் கூடாதாம், காது வலிக்கும்.
"ஃபெஃபுமுலா, மா," என்றாள்.
அவள் மொழியில் மூச்சு விடு என்பது
துருத்தி அசைகிறதுபோலவே இருக்கிறது.
அவள் விரலை விரித்தாள், இழுத்தேன்.
மடக்கினாள், விட்டேன்.
எத்தனை தடவை என்று தெரியாது.
கீழே டயர் கடையில் யாரோ
இருட்டிலும் சுத்தியலை நிறுத்தவில்லை.

தட்டில் போடாத ஒன்று இடுப்புப் பையில் இருந்தது.
ஆரஞ்சு விசில்.
அவளைப் பயமுறுத்தவேண்டும் என்றுதான் எடுத்தேன்,
வேறு நினைப்பில்லை.
ஊதினேன்.
பட்டாணி ஒரு சுற்று உருண்டது,
பாதிச் சத்தம், கோழிக்குஞ்சு போல.
நோம்ஃபுண்டோ துள்ளிப்போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள்.
சுத்தியல் நின்றது.

பையால்தானா, நாள் போனதாலா,
இல்லை அன்று கோபமாக இருந்ததாலா,
நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் சொல்ல மாட்டார்.

வெளியே வந்து வளையலை மாட்டும்போது
அவள் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி
மெழுகுவத்தியடியில் குனிந்து எழுதினாள்:
இருபத்திரண்டு நிமிடம் பாக்கி.
அடுத்த செவ்வாய் சேர்த்துத் தருவாளாம்.

அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்,
சிலிண்டர் ரசீதுக்குப் பக்கத்தில்.
அதில் பாக்கி என்று யாரும் எழுதவில்லை.